சேற்றில் பிறந்த புதுப் புல்

வணக்கம். மும்பை சிவ்ரி துறையில் நின்று பேசுகிறேன். கடல் வற்றிக் கிடக்கிறது. கேமராவைத் தாழ்த்துகிறேன், பாருங்கள்: சேறு முழுக்க நண்டு வளைகள், அவற்றுக்கிடையே பூநாரைகளின் கால்தடங்கள். இப்படிப்பட்ட சேற்றை மூடிவிடும் ஒரு புல் இங்கிலாந்தில் எப்படிப் பிறந்தது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு உரிய ஸ்பார்டினா ஆல்டர்னிஃப்ளோரா என்ற புல், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களோடு இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் கரைக்கு வந்து சேர்ந்தது. அங்கே முன்பே இருந்த உறவுப் புல்லான ஸ்பார்டினா மரிட்டிமாவின் மகரந்தம் இதன் பூவில் விழுந்து, ஒரு கலப்பினம் பிறந்தது. மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் தாய்க்கு 62, தந்தைக்கு 60. இரு வழியிலும் வந்தவை ஒன்றோடொன்று ஒழுங்காக இணைசேராததால், 1870-இல் சேகரிக்கப்பட்ட அந்தக் கலப்பினம் விதை கட்டாத மலடாகவே இருந்தது. மண்ணுக்குள் ஓடும் தண்டால் மட்டுமே பரவியது. பிறகு அதன் குரோமோசோம்கள் முழுவதுமாக இரட்டித்தன. ஒவ்வொன்றுக்கும் தன்னைப் போன்ற துணை கிடைத்தது, விதை பிடித்தது. 1892-இல் லிமிங்டனில் பதிவான அந்தப் புது இனமே ஸ்பார்டினா ஆங்கிலிகா. அதற்கு 120 முதல் 124 வரை குரோமோசோம்கள்.

மரபணு வேறுபாடு குறைந்த இனம் நலிந்துபோகும் என்றே நாம் படித்திருக்கிறோம். இந்தப் புல்லிலோ செடிக்குச் செடி வேறுபாடு மிகக் குறைவு. ஆனாலும் இரு பெற்றோரின் மரபணுத் தொகுதிகளும் ஒவ்வொரு செடிக்குள்ளும் நிலையாகத் தங்கியிருப்பதால், அதற்கு வேண்டிய வளம் உள்ளேயே இருக்கிறது. என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

உலகெங்கும் அது பரவியதற்கு மனிதரே பெரிய காரணம். கரை அரிப்பைத் தடுக்கவென்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, 1963-இல் சீனா எனக் கொண்டுபோய் நட்டார்கள். நெருங்கி நிற்கும் அதன் தண்டுகள் அலையின் வேகத்தைத் தணிக்க, வண்டல் படிந்து தரை மேடாகிறது. தாராவியில் எங்கள் பெரியவர்கள் சதுப்பில் மண் கொட்டி மேடாக்கிக் குடியேறிய கதையைச் சொல்வார்கள். அதே வேலையை இந்தப் புல் தானாகவே செய்துவிடுகிறது. மேடான பிறகு அங்கே சேற்றில் இரை தேடும் பறவைக்கு இடமில்லை. பிடுங்கினாலும், மண்ணுக்குள் தங்கிய ஒரு தண்டுத் துண்டிலிருந்து அது மறுபடியும் துளிர்க்கிறது.