ஒரே நெட்வொர்க் கார்டுக்கு இரண்டு ஐபி முகவரி தரலாமா?

அடுத்த சந்தேகத்துக்கு வருவோம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அலுவலகக் கணினியின் முகவரி 192.168.1.50. புதிதாக வாங்கிய கேமரா ரெக்கார்டர் 192.168.0.100 என்ற முகவரியோடு வந்திருக்கிறது. இரண்டும் ஒரே சுவிட்ச்சில்தான் இருக்கின்றன, ஆனாலும் ரெக்கார்டரின் பக்கம் திறக்கவில்லை. இன்னொரு நெட்வொர்க் கார்டு வாங்க வேண்டுமா?"

வேண்டவே வேண்டாம், காசை வீணாக்காதீர்கள். கார்டோடு பிறந்தது மேக் முகவரி, அதாவது தயாரிக்கும்போதே கார்டில் பதிக்கப்படும் அடையாள எண் மட்டும்தான். ஐபி முகவரியை இயங்குதளம் சூட்டுகிறது. ஒன்றுக்கு மேலும் சூட்டலாம். இரண்டில் எதை யார் விசாரித்தாலும் கணினி அதே மேக் முகவரியைத்தான் பதிலாகச் சொல்லும்.

பக்கம் ஏன் திறக்கவில்லை? உங்கள் சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் பொருந்த வேண்டும். மூன்றாவது எண் மாறியதால் ரெக்கார்டர் வெளியூர் என்று எண்ணி, கணினி எல்லாவற்றையும் ரவுட்டரிடம் அனுப்பிவிடுகிறது.

விண்டோஸில் அந்தக் கார்டின் ஐபிவி4 பண்புகளுக்குப் போய், 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 192.168.0.50 என்று சேர்த்து, அதே மாஸ்க்கைக் கொடுங்கள். டிஎச்சிபி (ரவுட்டர் தானாகவே முகவரி வழங்கும் முறை) இயங்கும்போது அங்கே சேர்க்க இயலாது. முதல் முகவரி, கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வரின் முகவரி) மூன்றையும் முதலில் கையால் எழுதிவிடுங்கள். அந்த முதல் முகவரியை ரவுட்டர் பிறருக்கு வழங்கும் வரிசையில் விட்டுவைக்காதீர்கள், பின்னால் மோதல் வரும். லினக்ஸில் 'ஐபி அட்ரஸ் ஆட்' கட்டளை போதும். ஆனால் கணினியை மறுபடி தொடங்கினால் அது போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இரண்டாவது முகவரிக்கென்று தனி கேட்வே தராதீர்கள். இரண்டு கேட்வே இருந்தால் வெளியே போகும் வழி குழம்பி, இணையம் விட்டுவிட்டு வரும். காரணம் தெரியாமல் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

சிலர் இப்படி இரண்டு வரிசை வைத்துவிட்டு, கேமராக்களைத் தனியே பிரித்துப் பாதுகாத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது பாதுகாப்பே இல்லை. சுவிட்ச் ஒன்றுதான், அதில் இருக்கும் எவரும் உங்களைப் போலவே ஒரு முகவரியைச் சேர்த்துக்கொண்டு உள்ளே வரலாம். உண்மையாகவே பிரிக்க விலான் (ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி) வேண்டும்.

உங்கள் தேவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ரெக்கார்டரின் பக்கம் திறந்ததும் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு அதன் முகவரியை 192.168.1 வரிசையில் காலியாக உள்ள ஓர் எண்ணுக்கு மாற்றிவிட்டு, கணினியில் சேர்த்த இரண்டாவது முகவரியை நீக்கிவிடுங்கள்.