பெறுபேற்றுக்கு முன்னால் சரிவது தூக்கம்

[திரையில்: காலை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, பரமேஸ்வராச் சந்தி. சைக்கிள்களில் மாணவர்கள்.]

குரல்: உயர்தரத்தில், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசற் (Z) புள்ளிக்காக வகுப்பு வகுப்பாக ஓடியவர்கள்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறார்கள். ஆகவே போதையில் விழுந்த மாணவனைப் பார்த்து "அவனுக்கு முதலே படிப்பில் அக்கறை இல்லை" என்று ஊர் சொல்வதை ஏற்க முடியவில்லை. அக்கறை உள்ளவனுக்கும் வலை விரிக்கப்படுகிறது. அதுவும் பரீட்சைக் காலத்தில்.

[திரையில்: இரவு. வாடகை அறை, மேசை விளக்கு.]

"இரவிரவாக விழித்துப் படிக்கலாம்" என்று சொல்லித்தான் ஐஸ் கைமாறுகிறது. இது மெத்தாம்பெட்டமைன். மூளையில் டோபமைனை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும். தூக்கம் வராது, எல்லாம் விளங்கியது போலவும் இருக்கும். ஆனால் பகலில் படித்ததை மூளை பதித்து வைப்பது தூக்கத்தில்தான். விழித்த இரவுக்குக் கூலியாக, மருந்தின் வீரியம் இறங்கியதும் உடல் அடித்துப் போட்டதுபோல் தூங்கும். அது பரீட்சை நாளாகவும் இருக்கலாம்.

[திரையில்: மூளையின் அசைபடம், ஹிப்போகாம்பஸ் ஒளிர்கிறது.]

பாக்குநீரிணை வழியாக வரும் கேரளக் கஞ்சா வேறு விதம். புதிய நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகாம்பஸையே அது குழப்புகிறது. அதன் போதைக்கூறு கொழுப்பில் கரைந்து உடலில் நாட்கணக்கில் தங்கும். சனிக்கிழமை புகைத்தவர் திங்கட்கிழமை விரிவுரையில் தெளிவாக இருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் வைத்தியர் எழுதும் பிரெகபாலினைப் போதைக் குளிசையாக விழுங்குபவருக்கோ மயக்கமும் கவனச் சிதறலும்தான் மிச்சம்.

[திரையில்: வரவுப் பதிவேடு.]

இனிக் கணக்குக்கு வருவோம். பரீட்சை எழுத 80 சதவீத வரவு வேண்டும். வாரம் ஒரு விரிவுரை வீதம் 15 வார அரையாண்டில் மூன்றைத் தவறவிடலாம். நான்காவது, வாசலை அடைத்துவிடும். மீள்பரீட்சையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் கிடைப்பதில்லை. முதலாம், இரண்டாம் வகுப்பு என்று பட்டத்தில் வரும் வகுப்புச் சித்தி அங்கேயே கைநழுவிப் போகலாம்.

இதை வீட்டார் பெறுபேறு வந்த பிறகுதான் அறிகிறார்கள். அறை நண்பர்களுக்கு மாதங்களுக்கு முன்பே தெரியும். ஆனாலும் வராதவனுக்காக வரவில் கையெழுத்துப் போடுகிறார்கள், குழு ஒப்படையில் அவன் பெயரையும் சேர்க்கிறார்கள். பரிவுதான். ஆனால் விரிவுரையாளர் கண்ணில் பட்டிருக்க வேண்டிய ஒரே அடையாளத்தை அந்தப் பரிவு அழித்துவிடுகிறது.

[திரையில்: வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவு.]

நிறுத்த நினைப்பவர் தனியாக நிறுத்த முயல வேண்டாம். நாட்பட்டு எடுத்த பிரெகபாலினைத் திடீரென விட்டால் வலிப்பு வரக்கூடும்; அளவை வைத்தியரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஐஸுக்கு மாற்று மருந்து கிடையாது, தொடர்ச்சியான உளவளத்துணைதான் சிகிச்சை. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம்.