லிண்ட்ரோஸுக்கு ஈடாகக் கியூபெக் பெற்றது என்ன?

அவைத்தலைவர் அவர்களே, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும் இந்த மாலையிலும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த பெரியோர்களே, இளைஞர்களே, வணக்கம்.

டொரோண்டோவில் குடியேறிய நம்மவர்களில் பலருக்கு பனித்தரை ஹாக்கி பிள்ளைகள் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. இன்று தகப்பனும் மகளும் ஒரே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, நம் ஊர் மேப்பிள் லீஃப்ஸ் அணி யாரைக் கொடுத்து யாரை வாங்கியிருக்க வேண்டும் என்று சோறு ஆறும்வரை வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அது எப்போதும் "இந்தப் பரிமாற்றத்தில் வென்றது யார்?" என்ற ஒரே கேள்வியில் போய் முட்டி நின்றுவிடுகிறது. யாருக்கு, எந்தக் காலத்தில் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்காதவரை அந்தக் கேள்விக்கு விடை கிடையாது என்பதே என் கருத்து. அதை விளக்க ஒரே ஒரு பரிமாற்றத்தை எடுத்துக்கொண்டு, அதன் வேர்வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இளைஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய ஹாக்கி லீக்கில் ஓர் அணி தன் வீரரை இன்னோர் அணிக்குக் கொடுத்து, அங்கிருந்து வேறு வீரர்களையோ, டிராஃப்ட் எனப்படும் வருடாந்தரத் தேர்வில் வருங்காலத்தில் இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையோ பெற்றுக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் அதற்கெனத் தனி விதி எழுதப்பட்டிருந்தால் ஒழிய, அந்த வீரரின் சம்மதத்தை யாரும் கேட்க மாட்டார்கள். டிராஃப்டில் மிகவும் பின்தங்கிய அணிகளே முன்னால் நிற்கும். இன்று அதற்குக் குலுக்கல் உண்டு. நான் பேசப்போகும் காலத்தில் கடைசி இடத்தில் முடித்த அணிக்கே முதல் வீரர் என்பது நேர்க்கணக்கு.

அப்படிக் கடைசி இடத்தில் கிடந்த கியூபெக் நோர்டிக்ஸ் அணி, 1989, 1990, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து முதல் உரிமையைப் பெற்றது. முதலாம் ஆண்டு மட்ஸ் சண்டின், இரண்டாம் ஆண்டு ஓவன் நோலன், மூன்றாம் ஆண்டு எரிக் லிண்ட்ரோஸ். ஆறடி நான்கு அங்குல உயரமும், அந்த உடலுக்கு நம்பவே முடியாத கைநயமும் கொண்ட லிண்ட்ரோஸ் ஒரு தலைமுறைக்கு ஒருவர் என்று பேசப்பட்டவர். அவரோ கியூபெக்கில் ஆட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். தேர்வு மேடையில் நோர்டிக்ஸ் சட்டையை அவரிடம் கொடுத்தபோது, அதை அணியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தைப் பார்த்திருப்பவர்கள், ஒரு நகரத்தின் முகத்தில் அறைந்தது போன்ற அந்தக் கணத்தை மறக்க மாட்டார்கள்.

ஓராண்டு அவர் ஒப்பந்தம் செய்துகொள்ளாமலே காத்திருந்தார். 1992 ஜூன் மாதம், நோர்டிக்ஸ் அணியின் தலைவர் மார்செல் ஒபூ அவரை விற்கப்போய், ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ், நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஆகிய இரண்டு அணிகளுமே லிண்ட்ரோஸ் தங்களுக்கு உரியவர் என்று உரிமை கோரும் நிலையில் விவகாரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். நம் டொரோண்டோ வழக்கறிஞர் லாரி பெர்ட்டூஸி நடுவராக அமர்ந்து இரு தரப்பையும் விசாரித்து, ஜூன் 30 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஒரே ஓர் இளைஞருக்கு ஈடாக ஃபிலடெல்ஃபியா கொடுத்தவற்றைச் சொல்கிறேன்: பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், மைக் ரிச்சி, ஸ்டீவ் டுஷேன், கெரி ஹஃப்மன், கோல் காப்பாளர் ரான் ஹெக்ஸ்டால், கிறிஸ் சைமன், முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள் இரண்டு, அவற்றோடு 1.5 கோடி டாலர் ரொக்கம்.

இனி இதைக் கணக்குப் பார்க்கலாம். அவசரக்காரர் அடுத்த ஆண்டே பார்ப்பார். 1991-92 பருவத்தில் 52 புள்ளிகள் பெற்ற நோர்டிக்ஸ், 1992-93 பருவத்தில் 104 புள்ளிகள் பெற்றது. சரியாக இருமடங்கு. ஆனால் அந்த ஏற்றத்தில் ஃபோர்ஸ்பெர்க்குக்குப் பங்கே இல்லை; அவர் அப்போது சுவீடனில் ஆடிக்கொண்டிருந்தார், கியூபெக்குக்கு வந்து சேர்ந்தது 1995 ஜனவரியில்தான். ஆட்டங்கள் குறைக்கப்பட்ட அந்தப் பருவத்தில் அவர் சிறந்த புதுமுக வீரருக்கான கால்டர் விருதைப் பெற்றார். அதே பருவத்தில் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றவர் யார் என்றால், எரிக் லிண்ட்ரோஸ். அன்றைய தேதியில் நின்று கேட்டிருந்தால், பரிமாற்றம் இரு தரப்புக்கும் நன்மை என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்.

பரிமாற்றத்தின் உண்மையான கதை, அந்தப் பட்டியலில் நம் கண் நிற்காத பெயர்களில் ஒளிந்திருக்கிறது. டுஷேனை எடுத்துக்கொள்ளுங்கள். கியூபெக்கில் இரண்டு பருவம்கூட முழுதாக இராமல், 1994 ஜனவரியில் அவர் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போனார். அங்கிருந்து வந்தவர்கள் ரான் சட்டர், கார்த் புட்சர், பாப் பேசன் ஆகிய மூவர். அதே ஆண்டு ஜூன் 28 அன்று, சட்டரையும் ஒன்பதாவது தேர்வு உரிமையையும் கொடுத்து, நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியிலிருந்து ஊவே க்ரூப் என்ற ஜெர்மானியத் தற்காப்பு வீரரையும் பன்னிரண்டாவது உரிமையையும் கியூபெக் வாங்கியது. அந்த ஒன்பதாவது உரிமையைக் கொண்டு ஐலண்டர்ஸ் தேர்ந்தெடுத்தது எரிக் லிண்ட்ரோஸின் தம்பி பிரெட் லிண்ட்ரோஸை என்பது, எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீராத செய்தி. அதே நாளில் கார்த் புட்சர், சண்டினுடன் சேர்த்து நம் லீஃப்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். அதற்கு ஈடாக நாம் நம் அணித்தலைவர் வெண்டல் கிளார்க்கை இழந்து அழுத நாள் அதுதான். ஹெக்ஸ்டாலும் கைமாறினார், அதன் பலனாகக் கிடைத்த தேர்வு உரிமையில் ஆடம் டெட்மார்ஷ் வந்தார். ஃபிலடெல்ஃபியா கொடுத்த முதல் சுற்று உரிமை ஒன்றில் ஜோஸ்லன் திபோ என்ற இளம் கோல் காப்பாளர் வந்தார்.

அந்தத் திபோவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1995 டிசம்பர் 2 அன்று மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில், டெட்ராய்ட் அணி மாண்ட்ரியலை 11-1 என்று நொறுக்கியது. ஒன்பது கோல்கள் புகுந்தபிறகே பயிற்சியாளர் மரியோ ட்ரோம்ப்ளே தன் கோல் காப்பாளர் பாட்ரிக் ரோவாவை வெளியே எடுத்தார். ரோவா பெஞ்சுக்கு வந்தார். பயிற்சியாளரை முறைத்தபடி கடந்தார். பின்னாலிருந்த இருக்கையில் அமர்ந்திருந்த கழகத் தலைவர் ரொனால்ட் கோரியிடம் குனிந்து, மாண்ட்ரியலுக்காகத் தான் ஆடிய கடைசி ஆட்டம் இதுதான் என்று சொன்னார். நான்கே நாளில் அவர் விற்கப்பட்டார். அவருக்காகக் கைமாறிய மூவரில் முதன்மையானவர் திபோ. அந்தத் திபோவைக் கையில் வைத்திருந்த அணி, லிண்ட்ரோஸ் பரிமாற்றத்தில் பெற்ற உரிமையால் அவரைத் தேர்ந்தெடுத்த அதே அணி. அதன் பொது மேலாளர் பியர் லாக்ருவா, முன்பு ரோவாவின் சொந்த முகவராக இருந்தவர்.

1996 ஜூன் மாதம், லீக்கின் வெற்றிக்கோப்பையான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம் மயாமியில் நடந்தது. கோலே இல்லாமல் மூன்று பகுதிகளும் முடிந்து, கூடுதல் நேரம் ஒன்று முடிந்து, இரண்டு முடிந்து, நள்ளிரவும் தாண்டி, மூன்றாவது கூடுதல் நேரம் தொடங்கியது. ரோவா அன்று ஒருவராகவே கோலை நோக்கி வந்த 63 அடிகளைத் தடுத்தார். முழங்கால் காயத்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்திருந்த ஊவே க்ரூப், நீலக்கோட்டின் அருகிலிருந்து ஓர் அடி அடித்தார். ஆட்டம் 1-0 என்று முடிந்தது. டுஷேனிலிருந்து சட்டர், சட்டரிலிருந்து க்ரூப், க்ரூப்பிலிருந்து கோப்பை. லிண்ட்ரோஸை விற்ற அணி, நான்கே ஆண்டில் உலகின் மிகச் சிறந்த கோப்பையைத் தூக்கியது.

அந்த அணி அப்போது கியூபெக்கில் இல்லை. பணம் போதாமல் 1995இல் டென்வருக்கு விற்கப்பட்டு, கொலராடோ அவலான்ச் என்று பெயர் மாறியிருந்தது. மாண்ட்ரியல் தன் ரோவாவைப் பரம எதிரியான கியூபெக் நகரத்துக்கு ஒருபோதும் விற்றிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே ஊர் மாறியதால்தான் கோப்பை வந்தது. கோப்பை வந்தபோது ஊர் இல்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கியூபெக் நகரைச் சேர்ந்த ஒரு முதியவரோடு ஒரே களஞ்சியத்தில் இரவு வேலை செய்தேன். அவருடைய உணவுப்பெட்டியின் மூடியில், ஓரமெல்லாம் உரிந்துபோன நோர்டிக்ஸ் சின்னம் ஒன்று ஒட்டியிருந்தது. லிண்ட்ரோஸ் பரிமாற்றம் வரலாற்றிலேயே மிகவும் ஒருதலையான வெற்றி என்று நான் எங்கோ கேட்டதை, அவர் மகிழ்வார் என்று எண்ணி, இடைவேளையில் சொன்னேன். அவர் மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "யாருடைய வெற்றி?" என்று மட்டும் கேட்டார். நான் இன்றைய பேச்சுக்கு முதலாகக் கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். பதினாறு ஆண்டுகள் லீக்கில் இருந்த தன் அணிக்காக அந்தக் குளிரில் நின்று சீட்டு வாங்கியவர்கள், கடைசி இடத்து அவமானம் முழுவதையும் தாங்கியவர்கள், அறுவடையின்போது வயல் வேறொருவர் பெயருக்கு மாறியிருந்ததைப் பார்த்தார்கள். கழகத்தின் கணக்கில் வரவாக இருப்பது இரசிகரின் கணக்கில் வரவாக இருந்தே தீர வேண்டும் என்று இல்லை.

மறுபுறம் ஃபிலடெல்ஃபியாவை ஏமாந்த அணி என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. லிண்ட்ரோஸ் அங்கே 486 ஆட்டங்களில், கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து, 659 புள்ளிகள் எடுத்தார். 1997இல் அணியை இறுதித் தொடர்வரை கொண்டுபோனார். அவரை வீழ்த்தியது தலையில் மீண்டும் மீண்டும் விழுந்த அடி. 2000 மே மாதம் ஸ்காட் ஸ்டீவன்ஸ் மோதியதில் அவர் பனியில் சரிந்த காட்சியை இன்றும் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. 1992இல் கையொப்பமிட்டவர்கள் அதை அறிந்திருக்க வழியில்லை. முடிவு எடுத்த நாளில் கையில் இருந்த தகவலை வைத்து முடிவை எடைபோட வேண்டும். பின்னால் நேர்ந்ததை வைத்து விளைவை எடைபோட வேண்டும். இந்த இரண்டு தராசுகளையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் நம் வீட்டு வாதங்கள் விடியும்வரை நீள்கின்றன. நடுவர் தீர்ப்பில் தோற்ற ரேஞ்சர்ஸ் இரண்டே ஆண்டில், 1994இல், 54 ஆண்டுக்குப் பிறகு கோப்பையை வென்றது என்பதையும் தராசில் எங்கே வைப்பது என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரிமாற்றத்தை மதிப்பிடும்போது போன வீரரையும் வந்த வீரரையும் நேருக்கு நேர் நிறுத்துவது போதாது. அந்தப் பரிமாற்றம் நடக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். ஆட மறுத்த லிண்ட்ரோஸ் கியூபெக்குக்கு ஒரு வீரரே அல்லர். 2025இல் நம் லீஃப்ஸ் வீரர் மிட்ச் மார்னருக்கு ஈடாக நமக்கு வேகஸிலிருந்து நிக்கோலா ருவா மட்டும்தானா என்று கொதித்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். மார்னரின் ஒப்பந்தம் முடிந்துகொண்டிருந்தது. ஜூலை முதல் தேதி பிறந்தால் அவர் எவருக்கும் ஈடில்லாமல் போகக்கூடியவர். ஒப்பிட வேண்டியது ருவாவையும் வெறுங்கையையும். கோபப்பட வேண்டுமானால், அந்த நிலை வருவதற்கு முந்திய ஆண்டுகளைப் பார்த்துக் கோபப்படலாம். அதில் நானும் உங்களோடு சேர்ந்துகொள்வேன்.

இன்னோர் எடுத்துக்காட்டு. பாஸ்டன் 2005 நவம்பரில் தன் நட்சத்திர வீரர் ஜோ தார்ன்டனைச் சான் ஹோசேவுக்குக் கொடுத்தது. அவர் அந்தப் பருவத்திலேயே ஹார்ட் விருதை வென்றார். ஈடாக வந்த மூவரில் இருவர் இரண்டு ஆண்டுக்குள் பாஸ்டனை விட்டுப் போனார்கள். காகிதத்தில் படுதோல்வி. ஆனால் ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டு அது. அடுத்த கோடையில் பாஸ்டன் ஸ்டெனோ சாராவை ஒப்பந்தம் செய்தது, அவர் தலைமையில் 2011இல் கோப்பையை வென்றது. தார்ன்டன் கோப்பையைத் தொடாமலே ஓய்வு பெற்றார்.

லிண்ட்ரோஸ் 2001இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மீண்டும் பரிமாறப்பட்டார். அவரைப் பெற்றது, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடுவரிடம் தோற்ற அதே ரேஞ்சர்ஸ். 2005இல் ஃபோர்ஸ்பெர்க் தானாகவே ஃபிலடெல்ஃபியாவில் ஒப்பந்தம் செய்து, தன்னை முதலில் தேர்ந்தெடுத்த அணியின் ஆரஞ்சுச் சட்டையை முதன்முறையாக அணிந்தார். கியூபெக் நகரம் இன்றும் தனக்கு ஓர் அணி திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. புதிய அரங்கம் ஒன்றை 2015இலேயே கட்டி முடித்துத் திறந்து வைத்திருக்கிறார்கள்.