பதில் சொல்ல வேண்டியவர் யார்?

நண்பர்களே, அமைப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "நல்லவர்கள் பதவிக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். நல்லவர் வராத நாளுக்கும் சேர்த்துத்தானே அமைப்பு வேண்டியிருக்கிறது?

பழைய ஏதென்ஸ்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஐந்நூற்றுவர் மன்றத்துக்குக் குலுக்கலில் ஆள் எடுத்தார்கள். பதவி ஓராண்டுதான். வாழ்நாளில் இரண்டு தடவைக்கு மேல் உட்கார முடியாது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் குலுக்கல் இப்போது திரும்பி வந்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2004-இல் 160 சாதாரணக் குடிமக்களை அப்படித் தேர்ந்தெடுத்து, தேர்தல் முறையை மாற்றலாமா என்று கேட்டார்கள். விளையாடுகிறவரிடமே விதியை எழுதச் சொல்ல முடியாதல்லவா? வார இறுதிகளில் கூடிப் படித்தார்கள், விவாதித்தார்கள். வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிக்கும் முறையைப் பரிந்துரைத்தார்கள். 2005 பொதுவாக்கெடுப்பில் 57 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆதரித்தார்கள். ஆனாலும் தோற்றது! அரசு வைத்திருந்த வரம்பு 60 சதவீதம். 2009-இல் மறுபடி கேட்டபோது ஆதரவு 40-க்கும் கீழே இறங்கிவிட்டது. பரிந்துரைத்தவர்களின் அவை எப்போதோ கலைந்து போயிருந்தது.

அயர்லாந்தைப் பாருங்கள். 2016-இல் 99 குடிமக்களும் ஒரு நீதிபதியும் உட்கார்ந்தார்கள். கட்சிகள் தொடவே தயங்கிய கருக்கலைப்புச் சட்டம் அவர்கள் முன் வந்தது. ஐந்து வார இறுதிகள் எடுத்துக்கொண்டார்கள். தடையை நீக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் அதற்கு 66 சதவீதத்துக்கு மேல் ஆதரவு.

குலுக்கல் கனடாவிலும் உண்டு, அயர்லாந்திலும் உண்டு. முடிவு மட்டும் ஏன் வேறு? அயர்லாந்தில் பல ஆண்டுப் பெண்கள் இயக்கம் பின்னால் இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் கிடைத்தாலே அங்கே போதும், அதுவும் உண்மை. ஆனால் என் கண்ணில் படுவது அந்த அவையை அமைத்த தீர்மானத்தில் இருந்த ஒரு சின்ன நிபந்தனை: ஒவ்வொரு பரிந்துரைக்கும் அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால், வாக்கெடுப்பு எப்போது என்றும் சொல்ல வேண்டும். "பரிசீலிக்கிறோம்" என்று அலமாரியில் வைத்துப் பூட்ட வழியில்லை.

யார் உட்காருவது என்பதில் நாம் மணிக்கணக்கில் சண்டை போடுகிறோம். அவர்கள் எழுந்து போன மறுநாள் அந்தக் காகிதம் யார் மேசைக்குப் போகும்? அடுத்த முறை கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட்டால், நாற்காலியில் உட்காரும் முன்பே இதைக் கேளுங்கள்.