சுமைதாங்கி வைத்த ஒரு விளையாட்டு

நேயர்களுக்கு வணக்கம். வீடியோ கேம் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதுக்கு எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தோன்றலாம். கடைத்தெருவிலிருந்து அரிசி மூட்டையைத் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும், நான் சொல்லப்போவது புரியும்.

விளையாட்டின் பெயர் டெத் ஸ்டிராண்டிங். ஜப்பானின் ஹிடியோ கோஜிமா உருவாக்கியது. 2019 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்தது, அடுத்த வருடம் கணினிக்கும் வந்தது. நாயகன் பெயர் சாம், சரக்கு சுமப்பவர். பேரழிவுக்குப் பிறகு துண்டு துண்டாகப் போய்விட்ட அமெரிக்காவில், கிழக்கே தொடங்கி மேற்கே போய், ஆங்காங்கே பதுங்கி வாழ்கிறவர்களுக்குப் பொருள் கொண்டு சேர்க்க வேண்டும். சண்டையும் உண்டு, ஆவிகளும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எனக்கு அந்த நடைதான் முக்கியம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் கிலோ கணக்கு இருக்கிறது. முதுகில் எது, தோளில் எது, கையில் எது என்று நாமே பார்த்து ஏற்ற வேண்டும். அடுக்கு உயர உயர ஆள் தள்ளாடுவார். இடது பக்கம் சாய்ந்தால், நம் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் வலது விசையை அழுத்தி நிமிர்த்த வேண்டும். இரண்டு விசையையும் சேர்த்துப் பிடித்தால், முதுகுப் பட்டையை இரு கையாலும் இறுக்கிக்கொண்டு நிதானமாக நடப்பார். வேகமாகப் போகும்போது சட்டென்று திரும்பினால் சுமை அவரை இழுத்துத் தள்ளிவிடும். விழுந்தால் பெட்டி அடிபடும்.

இதை முதன்முதலில் ஆடியபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. பண்ருட்டியில் பலா மண்டியில் சுமை தூக்கியவர். பலாப்பழம் மூட்டை மாதிரி படியாது. ஒரு பக்கம் கனம் கூடுதலாக இருக்கும், தலையில் வைத்தால் அந்தப் பக்கமே இழுக்கும். அப்பா துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, பழத்தை ஏற்றியதும் உடனே நடக்க மாட்டார். அப்படியே ஒரு மூச்சு நிற்பார். கழுத்து லேசாக அசையும், கனம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளும். அப்புறம்தான் முதல் அடி. “தூக்குறது பெரிசில்லடா, மொத அடிதான்” என்பார். ஒரு மழை நாளில் லாரிக்குப் பக்கத்தில் சேற்றில் வழுக்கி விழுந்தார். முழங்காலில் ரத்தம். எழுந்ததும் பழம் வெடித்துவிட்டதா என்றுதான் பார்த்தார். வெடித்திருந்தது. அன்றைய கூலியில் பிடித்துக்கொண்டார்கள். சாம் விழுந்து எழும்போதெல்லாம் என் கண்ணும் முதலில் பெட்டிக்குத்தான் போகிறது.

ஆறு கடப்பதையும் சொல்ல வேண்டும். சாமின் தோளில் ஒரு கருவி இருக்கிறது, தரையைத் துழாவிக் காட்டும். தண்ணீரில் நீல நிறம் தெரிந்தால் இறங்கலாம், மஞ்சள் என்றால் உடம்பு சோர்ந்துவிடும், சிவப்பு என்றால் ஆளையே அடித்துக்கொண்டு போகும், சரக்கும் மிதந்து போய்விடும். கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் வெள்ளம் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் இன்னொரு தொல்லை. அந்த மழை பட்டதெல்லாம் மூப்படையும், பெட்டி துருப்பிடித்துப் போகும்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் வைப்பார்கள். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்க ஓர் இடம். அதன் உயரத்தைக் கவனித்தீர்களா? கூடைக்காரி குனியாமல் இறக்கலாம், அடுத்தவர் கை பிடிக்காமல் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஆள் துணை இல்லாத வழியில் அந்தக் கல்தான் துணை.

இந்த விளையாட்டிலும் அது இருக்கிறது. ஒரு பகுதியைத் தகவல் வலையில் இணைத்துவிட்டால், உலகத்தில் எங்கெங்கோ ஆடுகிறவர்கள் வைத்த ஏணி, கட்டிய கயிறு, போட்ட பாலம் நம் பாதையில் தெரியத் தொடங்கும். வைத்தவரை நாம் பார்க்கவே முடியாது. ஒரு லைக் போடலாம், அவ்வளவுதான். ஒரு ராத்திரி பனிமலையில் என் ஏணிகள் தீர்ந்துபோய், இறங்க வழியில்லாமல் நின்றேன். பாறை விளிம்பில் யாரோ கட்டிவிட்டுப் போன கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. எந்த நாட்டுக்காரரோ. அந்தக் கயிற்றைப் பிடித்து இறங்கிய பிறகு, எனக்கு வேண்டாத இடத்திலும் ஓர் ஏணி வைத்துவிட்டுப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மறுபடியும் சொல்கிறேன், வைத்தவரை நாம் பார்க்கவே முடியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். சாலை போடுவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். உலோகமும் பீங்கான் பொருளும் பலர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து போட்டால், துண்டு துண்டாகச் சாலை நீளும். அதில் வண்டி ஓட்டினால் பேட்டரி தீரும் கவலை இல்லை. நடந்தே போனால் சாமின் பூட்ஸ் தேய்ந்துவிடும், மாற்று ஜோடி எடுத்துப் போங்கள். இரண்டாம் பாகம் 2025-ல் வந்துவிட்டது.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சாலையில் சுமைதாங்கி எந்த இடத்தில் நின்றது, யார் நினைவாக வைத்தது என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால், கேட்டு நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். எல்லாவற்றையும் நான் படிப்பேன். வணக்கம்.