கனவில் வந்ததும் காகிதத்தில் இருந்ததும்

நேயர்களுக்கு வணக்கம்.

வரப்போவதைக் கனவு முன்கூட்டியே சொல்லுமா என்பதுதான் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட கேள்வி. மனநல மருத்துவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. ஒரு கனவு கண்டு, அது நடந்தும் விட்டது என்ற அதிர்ச்சியில் வந்து கேட்கிறார்கள். ஆகவே ‘அதெல்லாம் மூடநம்பிக்கை’ என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. இந்த நம்பிக்கைக்கு மிக வலுவான சாட்சியம் எங்கே இருக்கிறதோ, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் அபர்வான் என்று ஒரு சுரங்கக் கிராமம். ஊருக்கு மேலே மலைச்சரிவில், நிலக்கரி எடுத்தபிறகு மிஞ்சும் கழிவைப் பல ஆண்டுகளாகக் குன்று குன்றாகக் கொட்டிவந்தார்கள். 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கு அரைப்பருவ விடுமுறை விடுவதற்கு முந்தைய கடைசி நாள். காலை ஒன்பதே கால் மணிக்குப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம், மழையில் ஊறிப்போயிருந்த ஏழாம் எண் குவியல் பெயர்ந்து சேறாகக் கீழே பாய்ந்தது. பாண்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியையும் பக்கத்து வீடுகளையும் மூடியது. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

அந்தக் குழந்தைகளில் ஒரு பத்து வயதுச் சிறுமி, முதல் நாள் தன் அம்மாவிடம் ஒரு கனவைச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போனாளாம், அங்கே பள்ளிக்கூடமே இல்லையாம், கறுப்பாக ஏதோ ஒன்று வந்து அதை மூடியிருந்ததாம். வேலையாக இருந்த அம்மா அப்புறம் கேட்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறார். மகள் விடவில்லை, கேட்டே ஆகவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவள் வீடு திரும்பவில்லை.

செய்தி அறிந்து அங்கே போனவர்களில் ஜான் பார்க்கர் என்ற மனநல மருத்துவரும் ஒருவர். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டபிறகு, பீட்டர் ஃபேர்லி என்ற அறிவியல் செய்தியாளர் மூலமாக ஒரு லண்டன் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டார். விபத்துக்கு முன்பே யாருக்காவது அதைப் பற்றி முன்னறிகுறி தோன்றியதா, எழுதுங்கள் என்று கேட்டார். 76 பேர் எழுதினார்கள். பலர் கண்டது கனவு. அவர்களில் சிலர் தாங்கள் கண்டதை விபத்துக்கு முன்பே வேறொருவரிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டவர்களும் ஆமாம் என்றார்கள்.

பார்க்கர் அதோடு நிற்கவில்லை. நடந்து முடிந்தபிறகு சேகரித்தால் யாரும் நம்பமாட்டார்கள், நடப்பதற்கு முன்பே எழுதி வாங்குவோம் என்று முடிவு செய்தார். 1967 ஜனவரியில் அதே நாளிதழ் அலுவலகத்தில் முன்னறிவிப்புகளுக்கென்று ஒரு பதிவகமே திறக்கப்பட்டது. யாருக்காவது விபரீதமாக ஏதாவது தோன்றினால் எழுதலாம், தொலைபேசியில் சொல்லலாம். தேதி போட்டுப் பதிந்துகொள்வார்கள். நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தன. எதையாவது ஒத்துப்போனவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றிலும் பெரும்பகுதி இரண்டே பேர் சொன்னவை. அந்த இருவரில் ஒருவர் பார்க்கரிடமே, உங்கள் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று எச்சரித்தார். 1968 ஆகஸ்டில் மூளையில் இரத்தக்குழாய் வெடித்துப் பார்க்கர் இறந்தார். அப்போது வயது 44. என் வாதத்துக்குச் சங்கடமான செய்தி என்பதற்காக இதை மறைக்கக்கூடாது என்று சொல்கிறேன். ஆனால் அந்தப் பதிவகத்தால் ஒரு விபத்தைக்கூடத் தடுக்க முடியவில்லை. எங்கே, என்றைக்கு, என்ன செய்தால் தப்பிக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு அங்கே வந்த எதுவும் தெளிவாக இல்லை.

சரி, இதற்கும் முன்பே நடந்த இன்னொரு சோதனை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் சார்லஸ் லிண்ட்பர்க் என்ற விமானி, 1927-இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக, எங்கும் நிற்காமல் பறந்து கடந்தவர். 1932 மார்ச் 1 இரவு அவருடைய கைக்குழந்தையை யாரோ கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். நாடே பதறியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி மர்ரேயும் அவருடைய சக ஆய்வாளரும், குழந்தையைப் பற்றி யாருக்காவது கனவு வந்தால் எழுதி அனுப்புங்கள் என்று செய்தித்தாள்கள் வழியாகக் கேட்டார்கள். 1,300-க்கு மேற்பட்ட கனவுகள் வந்தன. மே 12 அன்று குழந்தையின் உடல், வீட்டிலிருந்து சில மைல் தொலைவில், மரங்களுக்கிடையே ஆழமில்லாத குழியில் கிடைத்தது. வந்த கனவுகளை எடுத்துப் பார்த்தார்கள். குழந்தை இறந்துவிட்டதாகக் கண்டவையே நூற்றுக்கு ஐந்துதான். இறந்திருக்கிறது, புதைக்கப்பட்டிருக்கிறது, மரங்களுக்கிடையே என்ற மூன்றும் சேர்ந்து வந்த கனவுகள் நான்கே நான்கு.

அந்த நான்கை மட்டும் ஒருவர் நம் கையில் கொடுத்திருந்தால் மயிர்க்கூச்செறிந்திருக்கும். மீதி ஆயிரத்து முந்நூறையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மை நிலவரம் தெரிகிறது. அபர்வானில் பார்க்கரிடம் அந்த மீதி இல்லை. பலிக்காத கனவு கண்டவர் எவரும் நாளிதழுக்கு எழுதமாட்டார்.

நம் ஊருக்கும் இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. ஒருவர் இரவில் கண்ட கனவு அடுத்த நாள் நிகழ்ச்சியோடு தற்செயலாக அப்படியே பொருந்துவதற்கு லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு காலையும் இந்த மாநிலத்தில் 720 பேர் கனவு பலித்தவர்களாக இருப்பார்கள். ஓர் ஆண்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேல். அந்த ஒவ்வொருவரும் அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லுவார். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பழைய கனா நூலும், முதல் சாமத்தில் கண்டது ஓராண்டுக்குள் பலிக்கும், கடைச் சாமத்தில் கண்டது பத்து நாளுக்குள் பலிக்கும் என்று வகுத்து வைத்திருக்கிறது. இதற்குப் பின்னால் நல்ல கவனிப்பு ஒன்று இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு வகைத் தூக்கம் இருப்பதை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மிகத் தெளிவான கனவுகள் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது வந்து போகும். முன்னிரவில் சில நிமிடங்களே இருக்கும். விடியும் நேரத்தில் நீளமாக வரும், அதிலிருந்தே நேராக விழித்தும் கொள்வோம். அதனால் காலைக் கனவு மறக்காமல் நிற்கிறது. மறக்காமல் நிற்கிற கனவைத்தானே பலித்தது என்று பின்னால் சொல்ல முடியும்!

பலன் சொல்லும் வழக்கத்திலும் ஒரு வசதி இருக்கிறது. சாவைக் கனவில் கண்டால் ஆயுள் கூடும், கல்யாணம் கண்டால் கெட்ட செய்தி வரும் என்பார்கள். கண்டது நடந்தால் கனவு பலித்தது, எதிர்மாறாக நடந்தாலும் பலித்தது.

இலக்கியத்தில் வரும் கனவுகள் மட்டும் ஏன் தவறுவதே இல்லை? சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். கணவன் கைப்பிடித்து ஒரு பெருநகருக்கு அழைத்துப்போனான், அங்கே பொருந்தாத பழி ஒன்றை அந்த ஊரார் எங்கள்மேல் தேளைப் போடுவதுபோலப் போட்டார்கள், கோவலனுக்குத் தீங்கு வந்தது, நான் அரசன் முன்னால் நின்று வழக்குரைத்தேன் என்கிறாள். எல்லாம் அப்படியே மதுரையில் நடக்கிறது. காப்பியத்தில் கனவை எழுதியவரும் முடிவை எழுதியவரும் ஒருவரே. நம் நினைவும் அதே வேலையைச் செய்கிறது. விடிந்த கொஞ்ச நேரத்தில் பாதி கரைந்துபோன கனவு, நாலு நாள் கழித்துத் துயரச் செய்தி வந்தவுடன், அந்தச் செய்தியின் வடிவத்திலேயே மறுபடி உருவாகிறது. ஏதோ வண்டி, ஏதோ கூட்டம் என்று இருந்தது, அண்ணனுடைய வண்டி, அண்ணனைச் சூழ்ந்த கூட்டம் என்று ஆகிவிடுகிறது. நாமே அதை மாற்றினோம் என்பது நமக்குத் தெரிவதில்லை. இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள், எழுந்தவுடனே யாரிடமும் பேசுவதற்கு முன் கனவை எழுதித் தேதி போட்டு வையுங்கள். எழுத முடியாவிட்டால் கைப்பேசியில் பேசிப் பதிந்து வையுங்கள். பிறகு பலிக்காதவற்றையும் சேர்த்து எண்ணுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். மகனைச் சாலை விபத்தில் இழந்த ஓர் அம்மா என்னிடம் சிகிச்சைக்கு வந்திருந்தார். மகன் தண்ணீரில் இறங்கிப் போவதாக முந்தின வாரம் கனவு கண்டிருக்கிறார். அன்றைக்கே அவனை வெளியே விடாமல் நிறுத்தியிருக்க வேண்டும், சாமி முன்னாலேயே காட்டியும் நான் பேசாமல் இருந்துவிட்டேன் என்று தன்னையே வதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய துக்கத்தைவிட இந்தக் குற்ற உணர்ச்சிதான் அவரைச் சாப்பிடவிடாமல், தூங்கவிடாமல் செய்தது. மகன் பிறந்த நாளிலிருந்து அவனைப் பற்றிப் பயந்து பயந்து எத்தனையோ கனவு கண்டிருப்பீர்களே, அன்றெல்லாம் அவன் பத்திரமாகத்தானே வீடு திரும்பினான் என்று கேட்டேன். நீண்ட நேரம் அழுதார். பெற்றவர்களின் கனவில் பிள்ளைகள் அடிக்கடி தொலைந்துபோவார்கள். பயமும் பாசமும் உள்ள இடத்தில் கனவு அப்படித்தான் இருக்கும். அதில் நீங்கள் தவறவிட்ட கட்டளை எதுவும் கிடையாது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எவருக்காவது இப்படி ஒரு பாரம் மனதில் இருந்தால், தயவுசெய்து அதை இறக்கி வையுங்கள்.

இப்போது அபர்வானுக்குத் திரும்புகிறேன். அந்தச் சிறுமியின் கனவு எங்கிருந்து வந்தது? அவள் பள்ளிக்கு மேலேதான் அந்தக் கறுப்பு மலை நின்றது. சரிந்த அந்தக் குவியல் மட்டும் 34 மீட்டர் உயரம். மழைக் காலத்தில் கரிச்சேறு கலந்த வெள்ளம் பள்ளிப் பக்கம் வருவது வழக்கம். வெள்ளத்தைப் பற்றித் தாய்மார்கள் மனு கொடுத்திருந்தார்கள். பாண்ட்கிளாஸ் பள்ளிகளுக்குப் பின்னால் கொட்டப்படும் கரிச்சேற்றால் ஆபத்து என்று தலைப்பிட்டே, உள்ளூர் நகராட்சியின் பொறியாளர் 1963-இல் கடிதம் எழுதினார். குவியல் நகர்ந்தால் பள்ளிக்கே ஆபத்து என்று 1964-இல் மன்ற உறுப்பினர் ஒருவர் கூட்டத்திலேயே பேசினார். அந்தக் குவியல் 1963-லேயே ஒருமுறை சரிந்தும் இருந்தது. இவ்வளவுக்கும் நடுவே வளர்ந்த ஒரு குழந்தையின் கனவில் கறுப்பு வந்து பள்ளியை மூடியதில் எனக்கு அதிசயம் தெரியவில்லை. ஊரே பயந்துகொண்டிருந்த ஒன்றைத்தான் அவளும் பயந்திருக்கிறாள்.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் விசாரணை 76 நாள் நடந்தது. நீரூற்று இருந்த இடத்தின் மேலேயே கழிவைக் கொட்டியிருந்தார்கள் என்று அங்கே தெளிவானது. தேசிய நிலக்கரி வாரியம்தான் பொறுப்பு என்று 1967-இல் அறிக்கை சொன்னது. அதற்காக ஒருவர்கூட வேலை இழக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. கழிவுக் குவியல்களைக் கண்காணிக்கும் சட்டம் 1969-இல் வந்தது. தேதி போட்ட, இடம் குறித்த, காரணம் சொன்ன எச்சரிக்கை காகிதத்திலேயே இருந்திருக்கிறது. அதைப் படிக்கவேண்டியவர்கள் படித்திருந்தால் 116 பிள்ளைகள் அன்று மாலை வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நமக்கும் ஒரு டிசம்பர் 26 இருக்கிறது. 2004-இல் சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது இந்திய நேரம் காலை ஆறரை. நாகப்பட்டினக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த நேரம் முழுவதும் வீணானது, சொல்ல ஓர் ஏற்பாடு இல்லாததால். 2007-இல்தான் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது.

கனவால் முன்கூட்டிச் சொல்லவே முடியாதா என்றால், ஓர் இடத்தில் முடியும். அது நம் உடம்பு. பகலில் கவனத்துக்கு வராத சிறு உடல் மாற்றங்கள் தூக்கத்தில் பெரிதாகத் தெரியும், மருத்துவர்கள் கனவைக் கவனிப்பது நல்லது என்று அரிஸ்டாட்டில் அந்தக் காலத்திலேயே எழுதினார். நடப்பவற்றோடு பொருந்தும் மற்றக் கனவுகளில் பெரும்பாலானவை தற்செயல் என்பதும் அவர் கருத்துதான். உடம்பில் வரப்போவதைக் கனவு முன்பே காட்டும் என்பதற்கு இன்றைய மருத்துவத்தில் உறுதியான சான்று இருக்கிறது. கனவு காணும்போது நம் தசைகளை மூளை தளர்த்தி வைத்திருக்கும். ஓடுவதாகக் கனவு கண்டாலும் கால் அசையாது. சிலருக்கு, குறிப்பாக ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு, இந்தத் தடை பழுதாகிவிடும். யாரோ தாக்குவதாகக் கனவு வரும், உண்மையிலேயே கத்துவார்கள், குத்துவார்கள், உதைப்பார்கள், கட்டிலிலிருந்து விழுவார்கள். இப்படிப்பட்ட 1,280 பேரைக் கவனித்து 2019-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு வெளியானது. 12 ஆண்டுகளில் அவர்களில் நூற்றுக்கு 73 பேருக்குக் கை நடுங்கும் பார்கின்சன் நோயோ அதைச் சேர்ந்த மறதி நோயோ வரும் என்று அது கணக்கிட்டது. கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தூக்கம் அதைக் காட்டிவிடுகிறது.

வீட்டுப் பெரியவர் ஒருவர் இப்படிச் செய்தால் ‘கெட்ட கனவு’ என்று விபூதி பூசிப் படுக்க வைப்பதோடு விட்டுவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எல்லாருக்கும் அந்த நோய்தான் என்று பயப்படவும் வேண்டாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் இது வரும். குறட்டையோடு மூச்சு தடைபடும் கோளாறும் பார்ப்பதற்கு இதைப்போலவே இருக்கும். இது எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை இரவு வருகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று குறித்துக்கொண்டு போங்கள். முடிந்தால் ஓர் இரவு கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி. அதுவரைக்கும் கட்டில் பக்கத்தில் கூர்மையான பொருள், கண்ணாடிச் சாமான் எதுவும் வேண்டாம். பக்கத்தில் படுப்பவர் கொஞ்ச நாள் தனியாகப் படுத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

வணக்கம்.