கணுக்கால் தண்ணீரும் கைக்குழந்தைகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. அடுத்த பத்து நாளில் கத்திரியும் தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் லீவு, வீட்டில் பிள்ளைகளை அடக்க முடியாது. எங்கேயாவது தண்ணீரில் விடலாம் என்று தோன்றும்.

அதற்குத் தோதாக ஸ்பிளாஷ் பேட் என்ற நீர் விளையாட்டுத் தளம் வந்திருக்கிறது. தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், மேலே ஒரு வாளி நிரம்பி நிரம்பிக் கவிழும், எதுவும் தேங்காமல் வடிந்துவிடும். ஆழம் இல்லையே என்று பெற்றோர் ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்கள். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றால் வடிகால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், அன்று பிள்ளையை இறக்காதீர்கள். மற்றபடி மூழ்கும் பயம் குறைவுதான். கவலைப்பட வேண்டியது தண்ணீர் சுற்றிவரும் பாதையைப் பற்றி.

பீய்ச்சிய தண்ணீர் குழந்தைகளின் உடம்பில் பட்டு, தரையில் ஓடி, ஜாலி (வடிகால்மேல் உள்ள துளைத்தட்டு) வழியாகக் கீழ்த்தொட்டிக்குப் போகிறது. பெரும்பாலான இடங்களில் அதையே வடிகட்டி, குளோரின் கலந்து, பம்பு மறுபடி மேலே தள்ளுகிறது. நீச்சல் குளத்தோடு பார்த்தால் இந்தத் தொட்டி சின்னது. பத்துப் பிள்ளைகளின் வியர்வையும் சிறுநீரும் அதில் சீக்கிரம் கலந்துவிடும். போதாததற்கு, தண்ணீர் பூந்தூறலாகச் சிதறும்போது குளோரின் காற்றோடு போகிறது, மிச்சத்தை வெயில் தின்கிறது. காலை ஏழு மணிக்குச் சோதித்து நோட்டில் எழுதிய அளவு மாலை ஐந்து மணிக்கு இருக்காது.

உங்கள் குடியிருப்பில் ஸ்பிளாஷ் பேட் இருந்தால் பராமரிப்பவரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள். ஃப்ரீ குளோரின், அதாவது கிருமியைக் கொல்ல மிச்சமிருக்கும் குளோரின், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பிஎச் ஏறிவிட்டால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. சோதனைப் பட்டைகள் கடையில் கிடைக்கும். பட்டையை நனைத்து, நிறம் மாறியதும் டப்பாவில் உள்ள வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் போதும். ஆனால் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள். மூக்கைத் துளைக்கிற குளோரின் வாடை வந்தால் தண்ணீர் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அப்படி நாறும், கண்ணையும் எரிக்கும்.

குளோரினுக்கே மசியாத கிருமியும் ஒன்று உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்று பெயர். சரியான அளவு குளோரின் இருக்கும் தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். பேதியாகும் ஒரு குழந்தை தண்ணீரில் உட்கார்ந்தால் போதும், மற்ற பிள்ளைகளின் வாய்க்கும் அது போய்ச் சேரும். பேதி இருக்கும் குழந்தையைக் கூட்டி வரவே கூடாது. இந்தக் கிருமியால் வந்த பேதி என்றால், நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். நீச்சல் டயப்பர் மாட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வேண்டாம். அது கெட்டியாகப் போவதைத்தான் தாங்கும், நீராகப் போவதைத் தாங்காது. சாதாரண டயப்பரோ ஊறி உப்பி, உள்ளேயிருக்கும் ஜெல் வெளியே பிதுங்கி ஜாலியை அடைக்கும். மணிக்கொரு தடவை அவிழ்த்துப் பாருங்கள். மாற்றுவதைக் கழிவறையில் மாற்றுங்கள், ஸ்பிளாஷ் பேட் ஓரத்தில் அல்ல.

பீய்ச்சும் துளையில் வாயை வைப்பதும் அதன்மேல் உட்காருவதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இரண்டையும் தடுக்க வேண்டும். மூக்குக்குள் தண்ணீர் பீய்ச்சவும் விடாதீர்கள். 2021-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டனில், பொது ஸ்பிளாஷ் பேடில் ஆடிய ஒரு குழந்தை மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தது. குளோரின் அளவை ஒழுங்காகச் சோதிக்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. மிக அபூர்வம்தான். ஆனாலும் அந்த அமீபா நுழையும் வழி மூக்கு.

கிளம்பும் முன் நம் வீட்டு வழக்கங்கள் சிலவற்றைத் தள்ளிவைக்க வேண்டும். தலையில் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் குளோரினைக் காலி செய்யும், தரையை வழுக்கலாக்கும். ஒரு நிமிடம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக் கூட்டி வாருங்கள். கொலுசையும் கழுத்துக் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். கொலுசின் மணி ஜாலியில் சிக்கினால் ஓடுகிற குழந்தை குப்புற விழும். அரைஞாண் கயிறு கழற்ற முடியாவிட்டால் உடைக்குள் இருக்கட்டும். பருத்திச் சட்டை நனைந்தால் கனத்து இழுக்கும், ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு தோலை அரிக்கும். முழுக்கை நைலான் நீச்சலுடை நல்லது. ரப்பர் செருப்பு வழுக்கும், பின்பக்கம் வார் உள்ள செருப்பு போடுங்கள். வெறுங்காலா? முதலில் உங்கள் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வையுங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் அந்தப் பிஞ்சுக் கால் கொப்பளிக்கும். தண்ணீர் படாத ஓரம்தான் அதிகம் சுடும்.

காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை வேண்டாம். நிழல் பிள்ளையைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனை வெளியே வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணிக்கொரு தடவை மறுபடி பூசுங்கள். அதற்குக் குறைந்த வயதென்றால் நிழல்தான் மருந்து.

நனைந்த உடம்பு வியர்ப்பது தெரியாது, தாகமும் சொல்லத் தெரியாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே இழுத்து வந்து தண்ணீரோ நீர்மோரோ கொடுங்கள். மாலைக் கடற்காற்றில் உதடு நடுங்கினால் துவட்டி, நிழலில் உட்கார வையுங்கள். நம் ஊர் வெயிலில் குளிருமா என்று கேட்காதீர்கள், குளிரும். ஆட்டத்தை விட்டுவிட்டு ஓரத்தில் சுருண்டு, வாந்தி எடுத்து, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து உடம்பை நனைத்து விசிறுங்கள்.

முடிந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, தொடை இடுக்கு, அக்குள், கால்விரல் சந்து எல்லாம் ஈரம் போகத் துடையுங்கள். காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து வடிய விடுங்கள், பட்ஸ் விடாதீர்கள்.

கிரிப்டோஸ்போரிடியம் வயிற்றுக்குள் போனால் பேதி அன்றைக்கே வராது. இரண்டு நாளிலிருந்து பத்து நாள்வரை பிடிக்கும். நேற்றுத் தின்ற பானிபூரிமேல் பழி விழும். மருத்துவரிடம் போகும்போது ஸ்பிளாஷ் பேடில் ஆடியதையும் எந்தத் தேதி என்பதையும் சொல்லுங்கள். குடியிருப்புச் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர்கள் அன்றே பம்பை நிறுத்தட்டும்.